பானைக்குள் யார் பெயர் இருக்கிறது?



சென்ற வாரம் ஒரு மாணவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் படித்தவன். இப்போது ஒரு நகராட்சியில் வார்டு கவுன்சிலர். நலம் விசாரித்த பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"டீச்சர், வாரச்சந்தையை ஊருக்கு வெளியே மாத்தலாமான்னு மக்கள்கிட்ட கருத்துக் கேட்டோம். வாட்ஸ்அப்ல லிங்க் போட்டோம். ரெண்டே நாள்ல 3,000 பேர் பதில் போட்டுட்டாங்க. நூத்துக்கு எண்பது பேர் மாத்தலாம்னு சொல்லிட்டாங்க. அடுத்த கூட்டத்துல இதை வைக்கப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"சந்தையில கீரை விக்கிற அம்மாகிட்ட கேட்டியா தம்பி?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவங்ககிட்ட பட்டன் போன்தான் டீச்சர் இருக்கு" என்றான்.

போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் "எழுதுறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இது அவனுக்கு எழுதியதுதான். ஆனால் உங்களில் பலர் இன்று வார்டு உறுப்பினர்களாகவும், ஊராட்சிச் செயலர்களாகவும், குடியிருப்போர் நலச்சங்கத்திலும் இருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாகப் போடுகிறேன். நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். நடுவில் என் தவறு ஒன்றையும் சொல்லப் போகிறேன்.

குடவோலை முறை என்று சொன்னதும் உங்களுக்கு நினைவு வர வேண்டும். வரவில்லை என்றால் பாடம் நடத்திய எனக்குத்தான் மதிப்பெண் குறைவு! காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921ஆம் ஆண்டு. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். கூட்டத்தில் வயதில் மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே படிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரல் விஷயத்தை நான் ஒவ்வொரு வருடமும் நடித்துக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைக்க முடியாது. சிறுவன் எடுப்பதால் வேண்டியவன் பெயரைத் தேட முடியாது. பலர் படிப்பதால் மாற்றிச் சொல்ல முடியாது. 1,100 வருடங்களுக்கு முன்பே, மனிதன் தேர்ந்தெடுத்தால் சாய்வான் என்று தெரிந்து, அந்த வேலையைக் குலுக்கலிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் பாதிப் பாடம்தான் இது. மீதியை நான் பல வருடங்கள் நடத்தவே இல்லை. அந்தக் குடத்தில் யார் பெயரெல்லாம் போட்டார்கள்? இரண்டாம் கல்வெட்டின்படி கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலம். உழுதவர், நெய்தவர் பெயர் ஓலையில் இல்லை. பெண்கள் பெயர் இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்துக்குள் போடாத பெயர் வெளியே வராது.

குடவோலை ஆளைத் தேர்ந்தெடுக்கிற முறை; கருத்துக் கேட்கிற முறை இல்லை. ஆனாலும் கருத்துக் கேட்பதற்கும் இதே இரண்டு கேள்விகள்தான். பானைக்குள் யார் பெயர் இருக்கிறது? வெளியே எடுப்பது யார் கை?

இதை மறந்து ஒரு பெரிய பத்திரிகையே பேர் கெட்டுப்போன கதை அமெரிக்காவில் உண்டு. லிட்டரரி டைஜஸ்ட் என்பது அங்கே புகழ்பெற்ற வார இதழ். 1916 முதல் 1932 வரை ஐந்து குடியரசுத் தலைவர் தேர்தல்களில் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சரியாகச் சொன்ன பத்திரிகை. 1936இல் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பினார்கள். ஏறத்தாழ 23 லட்சம் பேர் பதில் போட்டார்கள். லாண்டன் 57 சதவீதம் வாங்கி ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிப்பார் என்று எழுதினார்கள். நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 61 சதவீதத்தை ஒட்டி வாக்கு வாங்கினார். மொத்தம் இருந்த 48 மாநிலங்களில் 46 அவருக்கு. இரண்டு வருடத்தில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது.

அவர்கள் முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும். அது பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம். வேலை போனவன் வீட்டில் டெலிபோன் ஏது, கார் ஏது? அவன் பெயர் பானையில் இல்லை. சீட்டு போன ஒரு கோடி பேரிலும் நான்கில் மூன்று பேர் பதில் போடவில்லை. ஆட்சி மேல் கோபமாக இருந்தவர்கள் உடனே தபாலில் சேர்த்தார்கள். மற்றவர்கள் சீட்டை ஓரமாக வைத்துவிட்டார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50,000 பேரிடம் மட்டும், ஆனால் எல்லாத் தரப்பிலும் பார்த்துக் கேட்டு, ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார்.

தம்பி, உன் 3,000 பேரைப் பற்றி நீ பெருமையாகச் சொன்னபோது எனக்கு இந்த 23 லட்சம்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் காலப்பும் 1948இல் சறுக்கினார். அப்போது கேள்வி கேட்கப் போகிறவர்களிடம், இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயதில் இத்தனை பேர் என்று ஒரு கணக்குக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கணக்குக்குள் யாரைக் கேட்பது என்பது போகிறவர் விருப்பம். அவர்கள் எட்டுகிற இடத்தில், நல்ல தெருவில், முகம் கொடுத்துப் பேசுகிறவர்களாகப் பார்த்துக் கேட்டார்கள். தேர்தலுக்குச் சில நாள் முன்பே கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். டூயி ஜெயிப்பார் என்று எல்லோரும் சொல்ல, ட்ரூமன் ஜெயித்தார். பட்டியலில் எல்லா வகை மனிதரும் இருந்தும், எடுக்கிற கை சாய்ந்துவிட்டது. உத்திரமேரூர்ச் சிறுவன் அங்கே இல்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

1996 அக்டோபரில், பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நான் அப்போது வேலை பார்த்த ஊரில் புதிதாக வந்த தலைவர் ஆர்வமானவர். மேல்நிலைத் தொட்டி கட்டி முடிந்ததும், "டீச்சர், தண்ணி எந்த நேரத்துல விடலாம்னு ஜனங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று பள்ளிக்கே வந்து கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சமூக அறிவியலுக்கு இதைவிடச் செய்முறை உண்டா? ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக அனுப்பினேன். காலை எட்டு மணியா, சாயங்காலமா என்று ஒரே கேள்வி. "வீடு பூட்டியிருந்தா பூட்டுன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க" என்று சொன்னதும் நான்தான்.

எட்டு மணிக்குத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். தலைவர் கிராம சபையில் படித்தார். கைதட்டினார்கள். எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது.

அடுத்த மாதங்களில் என் வகுப்பில் ஒரு பெண் அடிக்கடி தாமதமாக வர ஆரம்பித்தாள். சில நாள் வரவே இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. மூன்று தடவை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். நான்காவது தடவை கோபத்தில், "எட்டு மணிக்குத்தான் எழுந்திரிக்கிறியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"தண்ணி எட்டு மணிக்குத்தான் டீச்சர் வருது. அம்மா ஆறு மணிக்கே நடவுக்குப் போயிடும். நான்தான் வரிசையில நின்னு புடிச்சு வெச்சுட்டு வரணும்."

சாயங்காலம் அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் காலனியில் 62 வீடு. அதில் 41 வீட்டுக்கு நேரே "பூட்டு" என்று பிள்ளைகளின் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. அவள் வீடும் அதில் ஒன்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூலிக்குப் போகிறவர் வீடு பூட்டித்தானே இருக்கும்? நான் கேட்டது ஊரை இல்லை. பகலில் வீட்டில் இருக்க முடிந்தவர்களை. டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோன எனக்கு, வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்த எனக்கு, அது உறைக்கவில்லை.

பொய்க்கணக்கு ஒன்றும் எழுதவில்லை. யாரையும் வேண்டுமென்று விடவில்லை. ஒவ்வொரு பதிலும் உண்மையான பதில். ஆனாலும் முடிவு தவறு. அதுதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை.

அடுத்த வாரம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், நானும் இரண்டு ஆசிரியர்களும் பூட்டு என்று எழுதிய வீடுகளுக்கு மட்டும் போனோம். கேள்வியையும் மாற்றினோம். "எட்டு மணியா, சாயங்காலமா?" என்று கேட்காமல், "உங்க வீட்டுல தண்ணி பிடிக்கிறது யாரு? அவங்க எப்ப வீட்டுல இருப்பாங்க?" என்று கேட்டோம். விடியற்காலை ஐந்து மணி என்ற பதில் அப்போதுதான் வந்தது. என் முதல் தாளில் அப்படி ஒரு நேரமே கிடையாது! தலைவர் முதலில், "ஒரு தடவை முடிவு பண்ணியாச்சே டீச்சர்" என்று தயங்கினார். தொட்டி ஆபரேட்டர் முணுமுணுத்தார். அடுத்த கிராம சபை வரை காத்திருந்துதான் மாறியது. அதுவரை அந்தப் பெண் விட்ட நாட்களும், வெளியே நின்ற நேரமும் என் கணக்கில் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். அவள் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள். அன்று மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. டீச்சர் என்கிற வீம்பு. இன்று கேட்கிறேன் அம்மா.

பிற்பாடு 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தபோதுதான், பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. அங்கே பூட்டு என்று எழுதிவிட்டு நகர முடியாது. வீடே இல்லாதவர்களைக்கூட பிப்ரவரி 28 இரவில் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் போய் எண்ண வேண்டும் என்பது விதி.

எல்லா வீட்டுக்கும் போக உள்ளாட்சிக்கு ஆள் ஏது, பணம் ஏது என்று கேட்பாய். நியாயம்தான். அதற்கு நம் பாட்டிமார் சொன்னதே போதும்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பதம் பார்க்கிறவள் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிவிட்டுத்தான் ஒரு பருக்கையை எடுப்பாள். மேலாக எடுத்தால் அடியில் பிடித்தது தெரியாது. அந்தக் கிளறல்தான் குலுக்கல்.

இதை இந்தியாவில் பெரிய அளவில் செய்து காட்டியவர் பி.சி. மகலனோபிஸ். கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1937 முதல் வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்று, எல்லா வயலையும் அளக்காமல், குலுக்கலில் விழுந்த இடங்களை மட்டும் அளந்து கணக்கிட்டார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். அவரிடம் எனக்குப் பிடித்தது ஒரு தந்திரம். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்புவார். ஒரு குழு கேட்டது மற்றதற்குத் தெரியாது. இரண்டு விடையும் ஒத்துவந்தால் நம்பலாம். ஒத்துவராவிட்டால் எங்கோ கோளாறு. ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்துகிற மாதிரிதான்.

இன்னொரு கணக்கும் உண்டு, முதலில் கேட்டால் நம்ப மாட்டீர்கள். முறையாகக் குலுக்கி எடுத்த 400 பேரிடம் கேட்டால், விடை ஐந்து சதவீதப் புள்ளி அப்படி இப்படி இருக்கும். 1,000 பேர் என்றால் மூன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை இந்த எல்லைக்குள் நிற்கும். ஊரில் 50,000 பேர் இருந்தாலும் ஐந்து லட்சம் பேர் இருந்தாலும் இந்தக் கணக்கு ஏறத்தாழ அதேதான். பெரிய பானை என்பதற்காக யாரும் படி நிறையச் சோறு எடுத்துப் பதம் பார்ப்பதில்லையே.

உள்ளாட்சி சேவைகளுக்கு இதை நம் பக்கத்து ஊரிலேயே செய்திருக்கிறார்கள். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த சாமுவேல் பால், 1993இல் பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து, மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் பொதுமக்கள் கையால் ரேங்க் கார்டு போட ஆரம்பித்தார். கேட்டது ஆயிரத்தைச் சற்றுத் தாண்டிய குடும்பங்களை மட்டும். ஆனால் குடிசைப் பகுதி வீடுகளுக்கென்று தனியாக ஒரு மாதிரி எடுத்துக் கேட்டார்கள். இல்லாவிட்டால் மொத்தச் சராசரியில் அவர்கள் குரல் கரைந்துபோயிருக்கும். "திருப்தியா?" என்பதோடு நிற்காமல், எத்தனை தடவை அலைந்தீர்கள், வேலை முடிந்ததா, லஞ்சம் கொடுத்தீர்களா என்று நடந்ததைக் கேட்டார்கள். விடை பத்திரிகையில் வந்தது. மதிப்பெண் மிகவும் மோசம். 1999இலும் 2003இலும் மறுபடி கேட்டார்கள். 1999இல் கொஞ்சம்தான் முன்னேற்றம். 2003இல்தான் நன்றாகத் தெரிந்தது. திரும்பக் கேட்டதால்தான் அதைச் சொல்லவே முடிந்தது. ஒரு பரீட்சையை வைத்துப் பிள்ளை தேறுகிறதா என்று யார் சொல்வது?

சரி தம்பி, உன் சந்தைக்கு வருவோம்.

முதலில் பட்டியலைப் பார். சொத்துவரிப் பதிவேட்டை எடுத்தால் வாடகைக்கு இருப்பவர் விட்டுப்போவார். வாக்காளர் பட்டியலை எடுத்தால் பிழைக்க வந்தவர் விட்டுப்போவார். தெருவாரியாக வீடுகளை எண்ணி, குலுக்கலில் ஒரு வீட்டில் தொடங்கி, இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று எடு. கதவு திறந்தவரையே கேட்காதே. பெரும்பாலும் அது ஒரே வயசு ஆளாகவே அமையும். அந்த வீட்டில் வயது வந்தவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ, அவரைக் கேள். பூட்டியிருந்தால் வேறு நேரத்தில் மூன்று தடவையாவது போ. பக்கத்து வீட்டுக்குத் தாவாதே.

அடுத்தது, சந்தை உன் நகராட்சி மக்களுக்கு மட்டும் சொந்தமில்லை. விற்கிறவர்களில் எத்தனை பேர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள்? அவர்கள் எந்த வார்டுப் பட்டியலிலும் இல்லை. சந்தை நாளில் கடைகளை வரிசையாக எண்ணி, அங்கேயும் குலுக்கி எடுத்துத் தனியாகக் கேள். அந்த எண்ணிக்கையை ஊர் எண்ணிக்கையோடு ஒன்றாகக் கூட்டாதே. தனித்தனியாகவே மன்றத்தில் வை.

கேள்வியை நீயே எழுதாதே. "நெரிசலைக் குறைக்கச் சந்தையை மாற்றலாமா?" என்று உன் லிங்கில் பார்த்தேன். இப்படிக் கேட்டால் யாருக்கும் "ஆமாம்" என்றுதான் வரும். மாற்றினால் எவ்வளவு தூரம், பஸ் உண்டா, கழிப்பறை உண்டா, இருக்கிற இடத்தையே சரிசெய்தால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேள். கேட்கப் போகிறவர் கட்சிக்காரராகவோ சுங்கம் வசூலிக்கிறவராகவோ இருக்கக் கூடாது. பெயர் எழுத வேண்டாம். எத்தனை பேரைத் தேடிப் போனீர்கள், எத்தனை பேர் சொல்ல மறுத்தார்கள் என்பதையும் விடையோடு சேர்த்து அலுவலகப் பலகையில் ஒட்டு.

கூட்டமும் போடு. ஆய்வு வந்துவிட்டால் கிராம சபையும் பகுதி சபையும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அங்கேதான் ஒருவர் சொல்லை இன்னொருவர் மறுத்துப் பேச முடியும்; தலைவரை நேருக்கு நேர் கேட்க முடியும். ஆனால் கூட்டத்துக்கு வர முடிந்தவரே ஊர் இல்லை. அன்று கைதட்டியவர்களில் அந்தப் பெண்ணின் அம்மா இல்லை.

இத்தனையும் செய்து, அப்போதும் மாற்றத்தான் வேண்டும் என்று மக்கள் சொன்னால் மாற்று. நான் சந்தையின் பக்கம் பேசவில்லை. கேட்கிற விதத்தைத்தான் சொல்கிறேன்.

நேற்று அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "டீச்சர், கூட்டத்துல வைக்கிறதை ஒரு மாசம் தள்ளிட்டேன். வர்ற சந்தை நாள்ல கடை எண்ணப் போறோம். நீங்க வந்து ஐந்து விரல் விரிச்சுக் காட்டணும்." மூட்டு வலிதான், ஆனாலும் போகலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் ஊரில் கடைசியாக எதற்குக் கருத்துக் கேட்டார்கள்? உங்கள் வீட்டுக்கு வந்தார்களா? கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, இப்போது சிவப்பு மை என்னிடம் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்